புதுப்பிப்பு: காருகுறிச்சியார் இசைத்தட்டு கிடைத்துவிட்டது

காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய நாதஸ்வர இசைத்தட்டு திருநெல்வேலிப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பழைய சாமான் கடைகளில் ஒன்றும் தேறவில்லை. பலித்தது, "கல்யாண வீட்டுக்கு மைக் செட் போட்டவங்களைக் கேளுங்க" என்ற யோசனைதான். பாளையங்கோட்டையில் ஒரு அண்ணாச்சி, பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். அடியில், மஞ்சளேறிய காகித உறைக்குள் இருந்தது.

எதிர்பாராதது ஒன்று: அது வினைல் இல்லை, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டு. என் பிளேயரில் 33, 45 சுற்று வேகம் மட்டுமே உண்டு. 78 ஓடும் பிளேயரை இரவல் வாங்கினேன். முள்ளும் மாற்ற வேண்டும். எல்பி (33 சுற்று வினைல் தட்டு) முள் மெல்லியது, 78 தட்டின் அகலமான பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து இரைச்சலைத்தான் தரும்.

துடைக்க ஸ்பிரிட் தொடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மெல்லிய துணி, பள்ளத்தின் போக்கிலேயே. நடு லேபிள் நனையக் கூடாது.

ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் (1962) ஜானகி குரலோடு இழைந்த அதே நாதஸ்வரம். அப்பா கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டபடி நாலு தடவை கேட்டார்.