மானாவாரி காட்டுக்கு டெப்பாரி பீன்ஸ் வருமா?

மேச்சேரிக்காரன்:
அண்ணா, எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு, சுத்தமா மானாவாரி, போன வருசம் தட்டப்பயறு போட்டு பூக்குற நேரத்துல மழை ஏமாத்திருச்சு. அமெரிக்கா அரிசோனா பாலைவனத்துல டோஹோனோ ஓதாம் பழங்குடி மக்கள் டெப்பாரின்னு ஒரு பீன்ஸ் காலங்காலமா போடறாங்களாம், நம்ம பக்கம் வருமாங்க?

அடிவாரத்து விவசாயி:
தம்பி, அது சொனோரா பாலைவனத்து பயிர். கோடை மழை ஒன்னு ரெண்டு நல்லா இறங்குனா போதும், அந்த ஈரத்துலயே வேரை ஆழமா விட்டு வெரசா காய்ச்சு முடிச்சுரும், வெயில் ஏறுனா இலையை வெயிலுக்கு நேரா காட்டாம திருப்பிக்கும், தண்ணி ஜாஸ்தியானா கொடிதான் ஓடும் காய் வராது. எனக்கும் ஆசைதான், ஆனா வெளிநாட்டு விதையை பர்மிட் இல்லாம கொண்டு வரக்கூடாது, நோய் வந்துரும். நம்ம கொள்ளு இருக்கே! புரட்டாசி மழைக்கு விதைங்க, அப்புறம் பனி ஈரத்துலயே வந்துரும். பையூர் 2 ரகம் கிடைக்குதான்னு சந்தியூர் கேவிகேல, அதான் வேளாண் அறிவியல் நிலையத்துல, கேளுங்க.

வாழப்பாடி அக்கா:
ராஜஸ்தான்ல மோத் பயறு போடறாங்க, தரையோட படர்ந்து மண்ணை மூடிக்கறதால ஈரம் சீக்கிரம் காயாது. ஒரு ஓரமா அதையும் போட்டு பாருங்க, முளைகட்டி தாளிச்சா அவ்ளோ ருசி.

மேச்சேரிக்காரன்:
சரிங்கண்ணா, சரிங்கக்கா. ஒரு ஏக்கர் கொள்ளு, மீதிக்கு மோத்.