2025 பயணக் கணக்கு: எது நிறைவு, எது ஏமாற்றம், எதற்கு மறுபடி போவீர்கள்?

உறையூர்க்காரி

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அதனால் வீட்டில் உட்கார்ந்து இந்த வருடம் சுற்றியதை அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். நான் வேலைக்குப் போகிறவள். ஞாயிறும் அரசு விடுமுறையும்தான் எனக்குப் பயண நாட்கள். கூட வருவது என் மாமியார், 78 வயது. நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்காரர் வரமாட்டார், அவருக்கு எங்கள் வீட்டுச் சோபாதான் கொடைக்கானல்.

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பாம்பன்.

ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய ரயில் பாலம் திறந்ததிலிருந்து அத்தை ஒரே நச்சரிப்பு. கல்யாணமான புதிதில், 1968 வாக்கில், மாமாவோடு பழைய பாலத்தில் போயிருக்கிறார். ரயில் ஊர்ந்து போகுமாம். பெட்டியில் இருக்கிற எல்லோரும் ஜன்னல் வழியாகக் கடலில் காசு போட்டுக் கும்பிடுவார்களாம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியபோது, "இனி நான் எங்கே அதைப் பார்க்கப்போகிறேன்" என்று வருத்தப்பட்டவர். சரி, கூட்டிப் போய்விடலாம் என்று திருச்சியிலிருந்து காலை ராமேஸ்வரம் ரயிலில் ஏறினோம். மானாமதுரையிலேயே காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்கும் ஒரு ஐந்து ரூபாய் கொடுத்தார். மண்டபம் தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். கடல் தெரிந்தது. பெட்டி முழுக்க செல்போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிட்டது. ஒரு பையன் அத்தையின் தோளுக்கு மேலே கையை நீட்டி வீடியோ எடுக்கிறான். இவர் முடிச்சை அவிழ்க்கிறார், அவிழ்க்கிறார், பல்லால் கடித்து இழுக்கிறார். அவிழ்ந்தபோது வெளியே தென்னை மரமும் ஓட்டு வீடும் ஓடிக்கொண்டிருந்தன. பாம்பன் ஸ்டேஷனே வந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அத்தை என்றேன்.

ராமேஸ்வரம் கோயிலைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. 22 தீர்த்தத்திலும் நனைந்தோம், மூன்றாம் பிராகாரத்தில் நடந்தோம். தனுஷ்கோடியில் நல்ல வெயில், அரிச்சல்முனை வரை போய்விட்டு உடனே திரும்பிவிட்டோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சு முழுக்க அந்தப் பாலம்தான்.

நிறைவு என்றால் நார்த்தாமலை. இத்தனை வருடம் புதுக்கோட்டை போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்த மொட்டைப் பாறைகள், இறங்கிப் பார்த்ததே இல்லை. மேலமலைக்கு ஒரு ஞாயிறு சாயங்காலம் போனோம். மலை என்று பெயரே தவிர சரிவான பாறைதான். அத்தை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சுனையோரம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிட்டார். மேலே விஜயாலய சோழீஸ்வரம். மேற்குப் பார்த்த கோயில், ஆகவே சாயும் வெயில் நேரே முகப்பில் விழுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சதுரமாக இருக்கிறது, உள்ளே கருவறை வட்டம். விஜயாலயன் பெயர் இருந்தாலும் கட்டியது முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி என்கிறார்கள். மழையில் இடிந்த பிறகு வேறொருவர் எடுத்துக் கட்டியதாகக் கல்வெட்டே சொல்கிறது. காவலாளி சாவியோடு வந்து குடைவரைகளைத் திறந்துவிட்டார். அதில் ஒன்றில் சுவர் நெடுக ஆளுயரத்தில் பன்னிரண்டு விஷ்ணு, வரிசையாக, அச்சடித்த மாதிரி ஒரே நிலையில் நிற்கிறார்கள். அத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு தடவை நடந்துவிட்டு, "இதில் யாரிடம்டி வேண்டிக்கொள்வது? ஒருத்தரிடம் சொன்னால் மற்றவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்றார். காவலாளி சிரித்த சிரிப்பு குகைக்குள் ரொம்ப நேரம் கேட்டது. அங்கே நாங்கள் மூன்று பேர்தான்.

கங்கைகொண்ட சோழபுரமும் போனோம். ஜூலையில் ஆடித் திருவாதிரை விழா, பிரதமர் வருகை எல்லாம் ஓய்ந்த பிறகு. வடக்கு வாசலில் சிவன் சண்டேசருக்குத் தலையில் பூ சுற்றிவிடும் சிற்பத்தை அவசரமில்லாமல் பார்க்க முடிந்தது, அது போதும்.

இப்போது என் கேள்வி. உங்கள் நிறைவையும் ஏமாற்றத்தையும் சொல்லுங்கள். கூடவே இதையும்: ஏமாற்றிய இடத்துக்கு மறுபடி போவீர்களா? பாம்பனுக்கு இன்னொரு தடவை அத்தையைக் கூட்டிப் போகலாமா என்று யோசனை.

கீழ்ப்படுக்கை

அக்கா, நான் மதுரை. ரயில் பைத்தியம் என்று வீட்டில் பெயர். பாலத்தைத் திட்டாதீர்கள், அது பாவம். பழையது 1914-இல் வந்தது. உப்புக் காற்றில் இரும்பு அரித்து, கடைசிக் காலத்தில் மணிக்கு 10 கிலோமீட்டரில்தான் ரயிலை விட்டார்கள். நீங்கள் சொல்லும் ஊர்ந்து போகிற சுகம் பாலத்தின் வியாதியால் வந்தது. புதியதில் 75 வரை போகலாம், நடுவில் தூக்குகிற பகுதியில் மட்டும் 50. மொத்தமே இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மூன்று நிமிடத்தில் முந்தானை முடிச்சு எப்படி அவிழும்?

என் யோசனை: அடுத்த தடவை ரயிலில் போய் பஸ்ஸில் திரும்புங்கள். சாலைப் பாலம் உயரம் அதிகம், ரயில் பாலம் கீழே முழுசாகத் தெரியும். கப்பல் வரும் நேரம் என்றால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக 17 மீட்டர் மேலே போவதைப் பார்க்கலாம். பழையதில் இரண்டு பக்கமும் கை தூக்குகிற மாதிரி திறக்கும், இது வேறு வகை.

என் கணக்கு: ஊட்டி மலை ரயில் ஏமாற்றம். முன்பதிவு திறந்த காலையிலேயே டிக்கெட் எடுத்து, கல்லாறு தாண்டிப் பல் சக்கரத்தில் ஏறும் சத்தத்தைக் கேட்கப் போகிறோம் என்று மேட்டுப்பாளையத்தில் முதல் நாளே அறை போட்டுத் தங்கினேன். ஐப்பசி மழை, இரவில் மண் சரிவு, ரயில் ரத்து. பணம் திரும்ப வந்தது, லீவு வரவில்லை. அதற்குப் பதில் செங்கோட்டை – புனலூர் பாதையில் போனேன். பின்னால் ஒரு எஞ்சின் தள்ள, முன்னால் ஒன்று இழுக்க, ஆரியங்காவு குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் பச்சை. கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் ஒரு வளைவில் வந்துபோகும். டிக்கெட் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊட்டி ரயிலுக்கு மறுபடி போவேன், மழைக்காலத்தில் இல்லை.

பனியன் ஊர்

ஊட்டி என்றதும் வயிறு எரிகிறது. திருப்பூரிலிருந்து மே மாதம் குடும்பத்தோடு கார் எடுத்துப் போனோம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வார நாளில் 6000, சனி ஞாயிறில் 8000 வண்டிதான் அப்போது நீலகிரிக்குள் போகலாம் என்று இருந்தது. ஈ-பாஸ் முறையாக எடுத்துத்தான் போனோம். பாஸ் இருந்தால் வரிசை இருக்காது என்று அதில் யாரும் எழுதவில்லையே! கல்லாறு சோதனைச் சாவடிக்கு முன்பே வண்டிகள் நின்றுவிட்டன. சின்னவன் வாந்தி எடுத்தான், பெரியவள் தூங்கினாள், கட்டுச்சோறு காரிலேயே தீர்ந்துவிட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அது நியாயம்தான். ஊட்டியில் பார்த்தது ஏரிக்கரையும் பார்க்கிங்கும்.

கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. இவ்வளவு பேர் போகும் மலையில் இன்னும் கொஞ்சம் இறுக்கினாலும் தப்பில்லை. அந்த மாதத்தில் போகவேண்டாம், அவ்வளவுதான்.

புரட்டாசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி பஸ்ஸில் நானும் வீட்டம்மாவும் மட்டும் போனோம். பஸ்ஸுக்கு ஈ-பாஸ் தேவையில்லை, யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். கோடநாடு காட்சி முனையில் கீழே மாயாறு நூல் மாதிரி போகிறது, தெங்குமரஹாடா ஊர் தெரிகிறது. மூடுபனி வந்து மறைத்தது, காத்திருந்தோம், விலகியது, மறுபடி மறைத்தது. ஒரு டீ குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அம்மாவைப் பாம்பனுக்குத் தாராளமாக மறுபடி கூட்டிப் போங்கள். காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், முடிச்சு எதற்கு?

பனங்காய்ப் பணியாரம்

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், சுன்னாகம் பக்கம். எங்கட பக்கக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், விடுமுறைக்கு கண்டியிலிருந்து பதுளைக்கு ரயிலில் போவதென்று பெடியளோடு திட்டம். ஒன்பது வளைவுப் பாலத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கினம். நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. மலையகத்தில் மண்சரிவில் எத்தனை சனம் போனது, தோட்டத் தொழிலாளர்களின் எத்தனை லயன் வீடுகள் புதைந்தன என்று நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ரயில் பாதை பல இடத்தில் அறுந்து தொங்கியது. இதை ஏமாற்றம் என்று எழுதவே கூச்சமாயிருக்கு. சேர்த்து வைத்த காசில் ஒரு பங்கு அங்கே நிவாரணத்துக்குப் போனது. மற்றதைச் செலவழிக்க மனம் வரவில்லை. பாதை சரியானதும் போவோம், அந்தச் சனத்துக்கும் வருமானம் வேணும்.

நிறைவு என்றால் நெடுந்தீவு. இவ்வளவு கிட்ட இருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது இந்த வருடம்தான். விடிய குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினோம். படகுக்குள் சீமெந்து மூட்டை, கோழி, காஸ் சிலிண்டர், பள்ளிக்கூட ரீச்சர்மார், நாங்கள். அலை அடிக்கத் தொடங்க, என் மூத்தவன் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆச்சியின் மடியில் தலை வைத்துவிட்டான். அவ ஒன்றும் சொல்லாமல் தேசிக்காய் ஒன்றை எடுத்து அவன்ர மூக்கில் பிடித்தா. தீவில் மதில் எல்லாம் பவளக்கல், சாந்து இல்லாமல் சும்மா அடுக்கியது. பிள்ளைகளுக்குப் பெருக்குமரத்தின் பொந்துக்குள் புகுந்து நிற்பதுதான் விளையாட்டு. குதிரைகள் தூரத்தில் நின்று எங்களைப் பார்த்தன. கிட்டப் போக, போய்விட்டன. கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான், அதைக் கவனியுங்கோ.

உங்கட அத்தைக்குக் கடல்தானே ஆசை? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுது. மாரி மழை நேரம் கடல் மோசம் என்று நிறுத்திவிடுவினம். அது முடிய வாங்கோ. காசு போட நிறைய நேரம் இருக்கும்.

உறையூர்க்காரி

தம்பி, டிட்வா பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. எல்லோரும் பத்திரமாக இருங்கள்.

கப்பல் விஷயத்தை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "பாஸ்போர்ட்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்று உடனே கேட்டார். வீட்டுக்காரர் பேப்பரை இறக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். தேசிக்காய் என்றால் எலுமிச்சைதானே? அத்தைக்கு அதைச் சொன்னதும், அந்த ஆச்சி நல்லவள் என்றார்.

கீழ்ப்படுக்கை சொன்ன பஸ் யோசனை நன்றாக இருக்கிறது.

இரண்டு மணி செஞ்சி

எல்லோரும் நீளமாக எழுதிவிட்டீர்கள், நான் சுருக்கமாக. விழுப்புரம் பையன். ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தார்கள். அதில் பதினொன்று மகாராஷ்டிரம், மிச்சம் ஒன்று நம் செஞ்சி. அந்த ஞாயிறே நண்பர்களோடு போனேன், ஊரே வந்திருந்தது. பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனதால் தாமதம், ராஜகிரி ஏற நேரமாகிவிட்டது என்று கீழேயே நிறுத்திவிட்டார்கள். கல்யாண மகாலை மட்டும் சுற்றிவிட்டு வந்தோம். மறுபடி போனேன், கார்த்திகையில், காலை கேட் திறந்ததும். உச்சியில் காற்று சட்டையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. அதுதான் என் நிறைவு. ஏமாற்றமும் அதே கோட்டைதான்.

அக்கா, நார்த்தாமலைக்கு எப்படிப் போவது? சித்தன்னவாசலையும் அதே நாளில் சேர்க்கலாமா?

உறையூர்க்காரி

சேர்க்கலாம், ஆனால் காலையில் சித்தன்னவாசல், சாயங்காலம் நார்த்தாமலை என்று வைத்துக்கொள். சித்தன்னவாசலில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதே. மலைக்கு மறுபக்கம் ஏழடிப்பட்டம், சமணர் படுக்கைகள் அங்கேதான். வழி குறுகல், கம்பியைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். அத்தையை அங்கே விடவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

திருச்சி வெளியூர் பஸ் எல்லாம் ஜூலையிலிருந்து பஞ்சப்பூருக்குப் போய்விட்டது, பழைய நினைப்பில் மத்திய பேருந்து நிலையத்தில் நிற்காதே. புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறும்போதே நார்த்தாமலையில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள். மெயின் ரோட்டில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து ஊருக்குள் ஆட்டோ. மேலே கடை கிடையாது, தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள். காவலாளி சாப்பிடப் போயிருந்தால் கொஞ்சம் காத்திரு, வந்துவிடுவார்.