4எச் போட்டா திரும்ப 2எச்-க்கு வர மாட்டேங்குது, லைட் மினுக்கிட்டே இருக்கு – உதவி பண்ணுங்க

கொல்லிமலை விவசாயி:
வணக்கம்ங்க. எங்கிட்ட இருக்கறது டீசல் டபுள் கேப் பிக்கப், 2012 மாடல், 1,64,000 கிமீ ஓடியிருக்கு. பார்ட் டைம் ஃபோர் வீல் (வேணும்போது மட்டும் போட்டுக்கறது), கம்பி லீவர் கிடையாது, டாஷ்போர்டுல திருகுற ஸ்விட்ச். தோட்டத்துல இருந்து செம்மேடு தார் ரோட்டுக்கு வர்ற 3 கிமீ மண் பாதை, மழை பெஞ்சா 4எச் (நாலு சக்கரமும் இழுக்கறது) இல்லாம நகராது. தார் ரோடு ஏறினதும் 2எச் (பின் சக்கரம் மட்டும் இழுக்கறது) போடுவேன். ரெண்டு மாசமா பிரச்சனை இங்கதான், ஸ்விட்ச் 2எச்-ல இருக்கும் ஆனா வண்டி 4எச்-ஐ விடாது, ஃபோர் வீல் பச்சை லைட் மினுக்கிட்டே கிடக்கும், வளைவுல திருப்பினா யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி இறுக்குது, டயர் கீச்சுன்னு தேயுது. எங்க மலைல இறங்க 70 கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் இப்படியே இறங்கணும்னா நெஞ்சு பதறுது, வண்டில என் பையனும் வர்றான்.

சில நாள் தானா விட்டுடுது. மெக்கானிக் ஒருத்தர் லைட்டைப் பாத்துட்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னாடி பின்னாடி சக்கரத்துக்கு இழுவையை அனுப்பற பெட்டி) மோட்டார் போச்சு, இறக்கி மாத்தணும், 60 ஆயிரம் ஆகும்னு சொல்லிட்டார். அவ்ளோ காசு போடறதுக்கு முன்னாடி வேற ஏதாவது பாக்க முடியுமா?

வால்பாறை டிரைவர்:
எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு அண்ணா. 2எச்-ல இருக்கும்போது 4டபிள்யூடி (ஃபோர் வீல்) ஃப்யூஸை பிடுங்கி விட்டுட்டேன், அதோட நின்னுச்சு. இங்கயும் 40 வளைவு, ஒரு தொந்தரவும் இல்ல.

பழைய டீசல் மெக்கானிக்:
தம்பி, ஃப்யூஸ் பிடுங்கறது வைத்தியம் இல்லப்பா. ஏற்கனவே 4எச்-ல மாட்டிக்கிட்டு இருக்கும்போது பிடுங்கினா அப்படியே பூட்டிக்கிட்டு நிக்கும், மோட்டாருக்கு கரண்டே போகாது. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

விவசாயி சார், முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். பார்ட் டைம் வண்டில முன்னாடி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் (டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து ஆக்ஸிலுக்குப் போற நீள ராடு) பின்னாடி ஷாஃப்ட்டும் 4எச்-ல ஒரே வேகத்துல சுத்தும், நடுவுல டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்கமும் வேற வேற வேகத்துல சுத்த விடற பல்சக்கரம்) கிடையாது. வளைவுல முன் சக்கரம் பெரிய வட்டம் போகும், பின் சக்கரம் சின்ன வட்டம். மண்ணுல டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும், தார்ல வழுக்காது, அதனால முறுக்கு பூரா ஷாஃப்ட்லயும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள ரெண்டையும் கோக்கற ஸ்லீவ் (நழுவற பல் வளையம்) பல்லுலயும் ஏறி நிக்கும். பல்லு ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு இருக்கும்போது மோட்டார் எவ்ளோ இழுத்தாலும் ஸ்லீவ் நழுவாது. மோட்டார் நல்லா இருந்தாலும் இதேதான்.

மூணு கேள்வி. வண்டி மாட்டும்போது நேரா ஒரு 10 மீட்டர் ரிவர்ஸ் எடுத்தா விடுதா? இறுக்கம் போன பிறகும் லைட் மினுக்குதா? நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானமா?

கொல்லிமலை விவசாயி:
ஐயா ரொம்ப நன்றி. இன்னைக்கே பாத்தேன். ரிவர்ஸ் எடுத்தா டக்குன்னு ஒரு சத்தம், உடனே ஸ்டீயரிங் லேசாயிடுது. ஆனா லைட் மட்டும் மினுக்கறது நிக்கல, சில சமயம் அரை மணி நேரம் கழிச்சு நிக்குது, காலைல குளிர்ல ரொம்ப மோசம். டயர் பின்னாடி ரெண்டும் மூணு மாசம் முன்னாடி புதுசு போட்டேன், முன்னாடி ரெண்டும் பழசு, கட்டை தேஞ்சுதான் இருக்கு. லோடுக்காக பின்னாடி காத்து எப்பவும் ஏத்தித்தான் வச்சிருப்பேன்.

இன்னொண்ணு, இது எனக்கே புரியல. பலாப்பழம், வாழைத்தார்னு லோடோட கிளம்பினா சில நாள் ஒழுங்கா விட்டுடுது. உரம் வாங்க காலி வண்டியா கிளம்பினா கண்டிப்பா மாட்டும். லோடு இருந்தாத்தானே கஷ்டப்படணும்?

பழைய டீசல் மெக்கானிக்:
நீங்க கடைசியா சொன்னதுலதான் விஷயமே இருக்கு. உங்க வண்டில ரெண்டு தனித்தனி கோளாறு இருக்கு சார், ரெண்டையும் ஒண்ணா போட்டுப் பாத்ததாலதான் மோட்டார்னு சொல்லிட்டாங்க.

முதல்ல டயர். உங்க சைஸ் 245/70 ஆர்16-னு வச்சுக்குவோம், புது டயரோட விட்டம் கிட்டத்தட்ட 749 மிமீ, ஒரு சுத்துக்கு 2,354 மிமீ போகும். முன்னாடி கட்டை 6 மிமீ தேஞ்சிருந்தா ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 38 மிமீ குறையும். பேப்பர் கணக்குதான், ஆனா ஒரு கிலோமீட்டருக்கு 400 சுத்துக்கு மேல ஆச்சுன்னா கிட்டத்தட்ட 16 மீட்டர் வித்தியாசம். பின்னாடி பெருசு, முன்னாடி சின்னது. வளைவுலயோ முன்சக்கரம்தான் அதிக தூரம் போகணும், அப்போ ரெண்டும் ஒரே பக்கமா சேர்ந்து முறுக்குது. காலி வண்டில பின் டயர் காத்து நிறைய இருந்து நல்லா நிமிர்ந்து நிக்கும், லோடு ஏத்தினா நசுங்கி உருளுற அளவு கொஞ்சம் குறையும், வித்தியாசமும் குறையும். அதான் லோடோட விட்டுடுது.

ரெண்டாவது, லைட். அது மினுக்கினா கேட்டது முழுசா நடக்கலைன்னு அர்த்தம், எந்த இடத்துல நடக்கலைன்னு அது சொல்லாது. உங்க டைப் வண்டில டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் இல்ல, முன் ஆக்ஸில்லயும் ஒரு பக்கத்தை பிரிச்சு விடற வாக்யூம் ஆக்சுவேட்டர் (காத்தை உறிஞ்சற இழுப்புல நகர்ற கருவி) இருக்கும். இறுக்கம் போயும் மினுக்குதுன்னா டிரான்ஸ்ஃபர் கேஸ் விட்டுடுச்சு, ஆக்ஸில் விடல. எனக்கு சந்தேகம் அங்கதான்.

கழட்டாமலே கண்டுபிடிக்கலாம். சமமான தரை, இன்ஜின் ஓடும்போதே 2எச் போட்டு முன்ன பின்ன கொஞ்சம் நகர்த்துங்க, அப்புறம் இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டு தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க. வெறும் ஜாக்கில நிக்கற வண்டிக்கு கீழ தலையை விடாதீங்க, நான் பாத்த விபத்து போதும். இப்போ அந்த சக்கரத்தை கையால சுத்துங்க. சுத்தவே இல்லைன்னா ரெண்டு இடமும் பூட்டியிருக்கு. சக்கரம் சுத்தும்போது முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் கூடவே சுத்தினா டிரான்ஸ்ஃபர் கேஸ் சரி, ஆக்ஸில்தான் பிரியல. சக்கரம் சுத்தி ஷாஃப்ட் சும்மா நின்னா ஆக்ஸில் சரி, அப்புறம் ஷாஃப்ட்டை கையால சுத்திப் பாருங்க, அது நகரலைன்னாதான் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் போகணும்.

கொல்லிமலை விவசாயி:
ஐயா, பண்ணினேன். தம்பியை கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு இடது சக்கரத்தை சுத்தினேன், ஷாஃப்ட் கூடவே சுத்துது!

பழைய டீசல் மெக்கானிக்:
அப்போ மோட்டாருக்கு 60 ஆயிரம் செலவழிக்காதீங்க. உங்க இன்ஜின்ல வாக்யூம் பம்ப் ஆல்டர்னேட்டரோட பின்னாடி இருக்கும், பிரேக் மிதியை லேசாக்கற பூஸ்டருக்கும் அதுல இருந்துதான் போகுது. அதுல இருந்து கரண்ட்ல திறந்து மூடற ரெண்டு சின்ன சொலினாய்டு வால்வு, அங்கிருந்து ரெண்டு மெல்லிசு ரப்பர் ஹோஸ் ஆக்சுவேட்டருக்கு இறங்கும். ஒண்ணு உள்ள இழுக்க, ஒண்ணு வெளிய இழுக்க. இன்ஜின் ஓடும்போது ஹோஸை ஆக்சுவேட்டர் பக்கம் கழட்டி விரலை வைங்க, 2எச்-ல ஒண்ணு உறிஞ்சணும், 4எச்-ல இன்னொண்ணு. ஹோஸ் நிப்பிள்ல (சின்ன குழாய் முனை) ஏறுற இடத்துல சூட்டுல இறுகி வெடிச்சிருக்கும், அங்கதான் முதல்ல பாருங்க. குளிர்ல ரப்பர் விறைச்சுக்கும், அதான் காலைல மோசம். பிரேக் மிதி கெட்டியா இருந்தா சொல்லுங்க, அது வேற கதை, தாமதிக்கக் கூடாது.

நாமக்கல் லேத் பட்டறை:
நல்லா சொன்னீங்க அண்ணே. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், வழியில நல்லா மாட்டிக்கிச்சுன்னா இழுத்துப் பிடிச்சு ஓட்டாதீங்க, ஷாஃப்ட் முனைல இருக்கற க்ராஸ் ஜாயிண்ட்டோ டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள இருக்கற செயினோ போயிடும். ரிவர்ஸ் எடுத்தும் விடலைன்னா முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையே கழட்டிட்டு டூ வீலா வரலாம், ரெண்டு முனையும் ஃப்ளேஞ்ச் (தட்டோட தட்டு சேத்து முடுக்கற) போல்ட் டைப்பா இருந்தா மட்டும். கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பெயிண்ட்ல கோடு போட்டுக்கங்க, அதே இடத்துல மாட்டலைன்னா அதிரும்.

கொல்லிமலை விவசாயி:
நாலு நாள் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும், மழை.

ஐயா சொன்ன இடத்துலயேதான். 2எச் பக்கத்து ஹோஸ் நிப்பிள்கிட்ட அரை இஞ்ச் நீளத்துக்கு விரிசல், விரல் வச்சா உறிஞ்சறதே தெரியல. ரெண்டு ஹோஸும் முழுசா மாத்திட்டேன், செலவு 400 ரூபாய்கூட ஆகல. இப்போ 2எச் போட்டா சில நொடில லைட் நின்னுடுது. பிரேக் மிதி நல்லாத்தான் இருக்கு. பின்னாடி காத்து காலி வண்டிக்கு கதவுல ஒட்டியிருக்கற அளவுக்கு இறக்கிட்டேன், இறுக்கம் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. மிளகு காசு வந்ததும் முன்னாடிக்கும் அதே டயர் ரெண்டு போட்டுடறேன். அதுவரைக்கும் தார் ஏறுறதுக்கு ஒரு 20 மீட்டர் முன்னாடியே, மண்ணுல இருக்கும்போதே 2எச் போட்டுக்கறேன், நேத்து அப்படித்தான் வந்தேன், 70 வளைவும் பையன் தூங்கிட்டே வந்தான்.

ரெண்டு மாசம் இறுக்கத்தோட ஓட்டியிருக்கேனே, உள்ள ஏதாவது அடிபட்டிருக்குமா?

பழைய டீசல் மெக்கானிக்:
டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை ஒரு தடவை இறக்கிப் பாருங்க. டிரெயின் போல்ட்ல காந்தம் இருந்தா அதுல சாம்பல் மாதிரி மெல்லிசு தூள் ஒட்டியிருக்கறது சகஜம், பயப்பட வேண்டாம். துண்டு துண்டா இரும்புச் சில்லு வந்தா ஓட்டாம ஒரு ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க.