நம்ம தெரு குழு: மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

சுரேஷ்: எல்லோருக்கும் வணக்கம். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் செப்டம்பர் கடைசியில் நம் கலிஃபோர்னியாவின் எல்டொராடோ தேசியக் காட்டுக்கு மான் வேட்டைக்குப் போகிறாராம். நீயும் வா, என்னிடம் இரண்டு துப்பாக்கி இருக்கிறது, ஒன்றை உனக்குத் தருகிறேன் என்கிறார். நான் இன்னும் எச்1பி வேலை விசாவில்தான் இருக்கிறேன். போனால் ஏதாவது பிரச்சினை வருமா?

பானு: செல்வம் அண்ணாவைக் கேளுங்க, அவர் வருடா வருடம் போகிறவர். போன வருடம் அவர் கொடுத்த மான்கறியில்தான் நாங்கள் சுக்கா செய்தோம். @செல்வம் அண்ணா

செல்வம்: தம்பி, போவதற்கு முன்னாலேயே கேட்டாயே, அதுவே நல்லது. அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்காதே. இது கலிஃபோர்னியா சட்டம் இல்லை, மத்திய அரசுச் சட்டம். எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம், அது யாருடையதாக இருந்தாலும் சரி. இதற்குச் சில விலக்குகள் உண்டு, அதில் நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது ஒன்றுதான்: அமெரிக்காவில் முறைப்படி வாங்கிய, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் இருக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. இங்கேயே பிறந்து வளர்ந்த உன் நண்பருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரிந்திருக்காது, அவர் நல்ல மனதோடுதான் தருகிறார், ஆனால் மாட்டினால் போவது உன் விசா.

சுரேஷ்: அடுத்த வாரம் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ச் சுடப் பழக்குகிறேன் என்றும் சொன்னார் அண்ணா.

செல்வம்: ரேஞ்சும் அதே கணக்குதான். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு போ.

சுரேஷ்: அதை எப்படி வாங்குவது?

செல்வம்: முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடிக்க வேண்டும், ஆன்லைனிலேயே படிக்கலாம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் முதல் லைசென்ஸ் தர மாட்டார்கள். இங்கே தொடர்ந்து ஆறு மாதம் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம், 60 டாலருக்குச் சற்று மேலே வரும். வெளிமாநிலத்துக்காரர் என்றால் 200ஐத் தாண்டிவிடும். லைசென்ஸ் ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, நீ எப்போது வாங்கினாலும் ஜூன் 30 அன்று முடிந்துவிடும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள், ஏனென்றால் ஜூலை 1 அன்று புது லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோடு நின்றால் உனக்கு அந்த விலக்கும் இல்லை.

கார்த்திக்: லைசென்ஸ் இருந்தால் போதுமா? மானைப் பார்த்ததும் சுட்டுவிடலாமா?

செல்வம்: போதாது. மானுக்குத் தனி டேக், அதாவது ஒரு மானை அடிப்பதற்கான அனுமதிச் சீட்டு, வாங்க வேண்டும், அதுவும் எந்த மண்டலத்தில் வேட்டையாடப் போகிறோமோ அந்த மண்டலத்துக்கு. நம் மாநிலம் ஒரே மாதிரி நிலம் இல்லையே, ஒரு பக்கம் டெத் வேலி பாலைவனம், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் விட்னி சிகரம், மேற்கே கடலோரக் குன்றுகள், வடகிழக்கே சேஜ் புதர்க்காடு. அதனால்தான் ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சீசன் வைத்திருக்கிறார்கள். கடலோரம் ஏ மண்டலம், அங்கே கொளுத்துகிற ஆகஸ்டிலேயே ரைஃபிள் சீசன் ஆரம்பித்துவிடும், வில் அம்புக்காரர்களுக்கு ஜூலையிலேயே. ஆனால் அங்கே பெரும்பாலும் தனியார் நிலம், அனுமதி கிடைப்பது கஷ்டம். நமக்குப் பக்கத்தில் இருக்கிற சியரா மலையின் மேற்குச் சரிவு டி3 முதல் டி5, அது செப்டம்பர் நான்காவது சனிக்கிழமை திறக்கும். மேலே பனி விழ ஆரம்பித்தால் மான்கள் கீழே இறங்கும், அதனால் அங்கே ஒரே மலையில் முதல் வாரம் தேடுகிற இடம் வேறு, கடைசி வாரம் தேடுகிற இடம் வேறு. தேசியக் காடு என்பதால் பொது நிலமும் நிறைய இருக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என்னைக் கேட்டால் டிதான் சரி. வடகிழக்கே எக்ஸ் மண்டலங்கள், அங்கே டேக் குலுக்கலில்தான் கிடைக்கும், ஜூன் 2க்குள் விண்ணப்பிக்க வேண்டும், பல வருடம் காத்திருப்பவர்களும் உண்டு.

செல்வம்: யோசமிட்டி, லாசன் மாதிரி தேசியப் பூங்காக்களில் வேட்டையே கிடையாது. தேசியப் பூங்கா வேறு, தேசியக் காடு வேறு. டாஹோ ஏரிப் பக்கம் போனால் நெவாடா எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், கோட்டைத் தாண்டினால் நம் லைசென்ஸ் செல்லாது.

மாலதி: எல்லாம் சரி அண்ணா, எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. கடையில் எல்லாம் கிடைக்கிற ஊரில் எதற்காகக் காட்டுக்குள் போய் ஒரு மானைக் கொல்ல வேண்டும்? நம் ஊரில் இதற்கு ஜெயில்.

ராமசாமி அங்கிள் (குன்னூர்): மாலதி சொல்வது சரிதான், இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அதற்கு முன்னால் எங்கள் நீலகிரியிலும் லைசென்ஸ், சீசன் எல்லாம் இருந்ததுதான். 1879இல் வெள்ளைக்காரன் நீலகிரிக்கு என்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டான். கட்டுப்பாடில்லாமல் சுட்டுத் தீர்த்த பிறகுதான் அவனுக்கே பயம் வந்தது.

செல்வம்: இங்கேயும் அதேதான் அங்கிள் நடந்தது. டியூலி எல்க் என்று ஒரு பெரிய மான், கலிஃபோர்னியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தங்கம் தேடி வந்த கூட்டமும் சந்தைக்கு இறைச்சி விற்றவர்களும் சுட்டுத் தீர்த்தார்கள், 1870களில் அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். கெர்ன் கவுண்டியில் ஹென்றி மில்லர் என்பவரின் பண்ணைச் சதுப்பில் கொஞ்சம் மிச்சமிருந்ததைப் பார்த்து, அதைத் தொடக்கூடாது என்று அவர் காப்பாற்றினார். இன்று இருக்கிற ஆயிரக்கணக்கான எல்க்கும் அந்த வம்சம்தான். இன்றும் மான்கறியை விற்பது குற்றம், அன்பாகக் கொடுக்கலாம், அவ்வளவுதான். மாலதி, உன் மனசு எனக்குப் புரிகிறது, உன்னை மாற்றப் பார்க்கவில்லை. 1937இல் வந்த சட்டப்படி ரைஃபிள், தோட்டா விற்பனையில் வரி வாங்கி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குக் கொடுக்கிறார்கள், இப்போது அது 11 சதவீதம், லைசென்ஸ் பணமும் அங்கேதான் போகிறது. நான் கட்டுகிற பணம் காட்டுக்கே போகிறது என்பது எனக்கு முக்கியம்.

மாலதி: பணம் போவது நல்லதுதான். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. அடிபட்டு ஓடிப் போகிற மான் என்ன ஆகும் என்றுதான் நினைத்துக்கொண்டே இருப்பேன்.

செல்வம்: அந்தப் பயம் எனக்கும் உண்டு, அதனால்தான் தூரத்திலிருந்து சுட மாட்டேன். அடித்தால் இருட்டானாலும் டார்ச் வைத்து இரத்தத் தடம் பார்த்துப் போயே ஆக வேண்டும். இறைச்சியை வீணாக விட்டுவிட்டு வருவதும் இங்கே குற்றம்.

சுரேஷ்: எந்த மானை வேண்டுமானாலும் அடிக்கலாமா அண்ணா?

செல்வம்: இல்லை. சாதாரண டேக்கில் பெண்மான் கூடாது, கிளை விடாத ஒற்றைக்கொம்பு ஆணும் கூடாது. ஒரு பக்கமாவது கொம்பில் கிளை இருக்க வேண்டும், அதுவும் கொம்பின் மேல்பக்க மூன்றில் இரண்டு பங்குக்குள். கேட்க சுலபம். விடிகிற நேரத்தில் மன்சனிட்டா புதருக்குப் பின்னால் தலையை மட்டும் தூக்கி நிற்கும், பைனாகுலரில் தெரிவது கொம்பின் கிளையா பின்னால் இருக்கிற சுள்ளியா என்று சொல்லவே முடியாது. அது தலையைத் திருப்புகிற வரை காத்திருக்க வேண்டும். திருப்பாமலேயே போய்விட்டால் போகட்டும். அடித்தால் அந்த இடத்திலேயே டேக்கில் தேதியை நிரப்பிக் கொம்பில் கட்ட வேண்டும். பிறகு அங்கீகாரம் உள்ளவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் வரும் வழியில் இருக்கிற தீயணைப்பு நிலையத்தில் நிறுத்துவேன், அவர்கள் வெளியே வந்து வண்டியின் பின்பக்கத்தில் கிடக்கிற மானைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுப்பார்கள். கொம்போடு இருக்கிற பாகத்தை சீசன் முடிந்து 15 நாள் வரை வைத்திருக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்று மாநில வனவிலங்குத் துறைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்.

கார்த்திக்: தோட்டாவில் ஏதோ ஈயம் கூடாது என்று கேள்விப்பட்டேன்.

செல்வம்: ஆமாம், 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. செம்புத் தோட்டாதான், விலை கூடுதல். கலிஃபோர்னியக் காண்டோர் கழுகு 1982இல் 22தான் மிச்சம் இருந்தது, வேட்டைக்காரர்கள் விட்டுவந்த குடலைத் தின்று ஈய விஷத்தில் செத்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்த விதியில் முழுச் சம்மதம்.

பானு: நம் தெருவில் திரிகிற வான்கோழிகளை என்ன செய்வது? என் பையன் கவண் செய்து வைத்திருக்கிறான்.

செல்வம்: அதை வாங்கி உள்ளே வை பானு. வான்கோழிக்கும் சீசன், லைசென்ஸ், தனி முத்திரை எல்லாம் உண்டு, ஊருக்குள் எந்த நாளும் கூடாது. உன் வீட்டுக் கேமராவில் நீ பார்த்த மலைச்சிங்கத்தையும் (பூமா) யாரும் வேட்டையாட முடியாது, 1990இல் மக்கள் ஓட்டுப் போட்டே வேட்டையைத் தடுத்துவிட்டார்கள். வருடம் முழுக்கத் திறந்திருப்பதில் ஒன்று காட்டுப்பன்றி, லைசென்ஸோடு 25 டாலர் சுமாருக்கு ஓர் அனுமதி வாங்கினால் போதும்.

கார்த்திக்: என் மச்சான் ஐடஹோவில் எல்க் அடித்தால் முழுசாக ஐஸ்பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்கிறார்.

செல்வம்: வேண்டாம் என்று இன்றைக்கே சொல். மூளை, தண்டுவடத்தோடு வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவரக் கூடாது. மான்களுக்கு வருகிற சிடபிள்யூடி என்ற நோய் கலிஃபோர்னியாவில் 2024 மே மாதத்தில் மதேரா, இன்யோ கவுண்டிகளில் முதல்முறையாகத் தெரியவந்தது. எலும்பெடுத்த கறியாகக் கொண்டுவரச் சொல்.

சுரேஷ்: அண்ணா, அப்போ இந்த முறை நான் போகவே வேண்டாமா?

செல்வம்: போ, தாராளமாகப் போ. வெறும் கையோடு கூட நடப்பதற்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் மானைக் கலைத்துவிடுவது, விரட்டிக் கொடுப்பது எல்லாம் வேட்டையில் சேரும், செய்யாதே. வேலி தாண்டும்போது "இதைக் கொஞ்சம் பிடி" என்று துப்பாக்கியை நீட்டுவார், அப்போதும் வாங்காதே, தரையில் வைத்துவிட்டுத் தாண்டச் சொல். ஆரஞ்சு நிற மேல்சட்டை கட்டாயம் இல்லை என்றாலும் போட்டுக்கொள், என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது.

சுரேஷ்: சரி அண்ணா. நாளைக்கே அவரிடம் சொல்லிவிடுகிறேன், வகுப்பிலும் சேர்ந்துவிடுகிறேன். மேல்சட்டையை வாங்க ஞாயிறு காலை வரட்டுமா?

செல்வம்: பத்து மணிக்கு மேல் வா. மண்டல வரைபடத்தையும் எடுத்து வைக்கிறேன்.