மறு: ‘ஆல்டர்டு’, ‘பிளேட்டட்’ நாணயங்களுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

‘ஆல்டர்டு காயின்’ என்பதைப் ‘போலி நாணயம்’ என்றே எழுதிவிடலாம் என்று இந்த இழையில் ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போலி என்றால் அக்கசாலையில், அதாவது அரசு நாணயம் அடிக்கும் சாலையில், அடிக்கப்படாதது. நாம் பேசுவதோ அக்கசாலையில் அடித்த அசல் நாணயம். வெளியே வந்தபிறகு யாரோ அதில் வேலை செய்திருக்கிறார்கள். போலியென்றால் காசு முழுவதையும் சந்தேகிக்க வேண்டும். இதில் ஓர் இலக்கமோ, ஒரு குறியோ, மேல்தோலோ மட்டும்தான் பொய். சோதிப்பவர் தேடவேண்டிய இடமே வேறு.

‘மாற்று நாணயம்’ வேண்டாம். பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த ‘மாற்று’ உலோகத்தின் தரத்தைச் சொல்லும் சொல். உரைகல் புழங்கும் துறைக்குள்ளேயே அதற்கு இன்னொரு பொருள் கொடுத்தால் குழப்பம்தான். ‘திருத்திய நாணயம்’ அதைவிடத் தவறு. திருத்துவது பிழையை நீக்க, இங்கே பிழையைப் புகுத்துகிறார்கள். ‘கைபட்ட நாணயம்’ என்று நானே முதலில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் புழக்கத்தில் இருந்த எந்தக் காசுதான் கைபடாதது? அதையும் விட்டுவிட்டேன்.

இப்போது என் பரிந்துரை ‘பின்வேலை நாணயம்’. அடித்து முடித்தபின் செய்த வேலை என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்க ஒரு சென்ட் காசில் 1914-டி அரிது, 1944-டி ஏராளம் (‘டி’ என்பது டென்வர் அக்கசாலையின் குறி). அதனால் 1944இல் உள்ள முதல் நான்கைச் சுரண்டி ஒன்றாக்குவார்கள். ஆனால் வடிவமைப்பாளரின் ‘வி.டி.பி.’ முதலெழுத்துகள் காசில் உள்ள லிங்கன் உருவத்தின் தோளடியில் இடம்பெற்றது 1918இல்தான். 1914 என்று சொல்லும் காசில் அந்த எழுத்துகள் இருந்தால் பின்வேலை உறுதி. அவற்றையும் சுரண்டியிருந்தால், பத்து மடங்கு உருப்பெருக்கியில் அந்த இடத்தின் மழமழப்பும் ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் இடையே உள்ள அதிக இடைவெளியும் காட்டிக்கொடுக்கும். இந்தக் காசைப் போலி என்று பதிந்தால், எடையும் உலோகமும் சரியாக இருக்கிறதே என்று படிப்பவர் திகைப்பார்.

அப்புறம் ‘பிளேட்டட்’ என்பதற்கு முலாம். இந்தச் சொல்லில் எனக்குக் குறையே இல்லை, எல்லாருக்கும் தெரிந்தது. சிக்கல் வேறிடத்தில். முலாமிட்ட வில்லையில் (அடிப்பதற்கு முன் உள்ள வெறும் வட்டத் தகட்டில்) அக்கசாலையே அடித்த காசுகளும் உண்டு. 1982இல் அமெரிக்கா சென்ட் காசைத் துத்தநாக வில்லைமேல் மெல்லிய செம்பாக மாற்றியது. எடை 3.11 கிராமிலிருந்து 2.5 கிராமுக்கு இறங்கியது. அது குற்றமில்லாத முலாம் நாணயம். 1943ஆம் ஆண்டுக் காசோ துத்தநாகம் பூசிய எஃகு, எடை சுமார் 2.7 கிராம். அந்த ஆண்டில் தவறுதலாகச் செம்பில் அடிபட்டவை மிக அரிது என்பதால், எஃகுக் காசுக்குப் பிறர் செம்பு முலாம் போட்டார்கள். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். இதற்குத்தான் ‘பின்முலாம்’ என்ற தனிச்சொல் வேண்டும் என்கிறேன்.

முன்பா பின்பா என்பது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, கண்ணுக்கே தெரியும் வேறுபாடு. அடித்தபின் முலாமிட்டால் எழுத்துகளின் ஓரக் கூர்மை மழுங்கும், நுண்கோடுகள் நிரம்பிவிடும், சில இடங்களில் சிறு கொப்புளம் எழும். தேய்ந்த காசு புதுக்காசைப் போல ஒரே சீராகப் பளபளத்தால் அங்கேயே நின்று பாருங்கள். அச்சடியில் உலோகம் பாய்ந்து உண்டாகும் ஒளி காசைச் சாய்க்கச் சாய்க்கச் சுழலும், முலாமின் மினுக்கு அப்படி நகராது.

பண்டைய கிரேக்க, ரோமானியக் காசுகளில் செம்பு வில்லையை வெள்ளித் தகட்டால் போர்த்தி, அதன்பிறகு அடித்தவை கிடைக்கின்றன. இவற்றில் வேலை அடிப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. எனவே பின்முலாம் என்பது பொருந்தாது. ‘போர்வைக்காசு’ என்று வைக்கலாமா? விளிம்பில் போர்வை கிழிந்து உள்ளே பச்சை பூத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் உடனே பிடிபடும். தேயாமல் மூடியே இருந்தால் அடர்த்திதான் வழி. காற்றில் உள்ள எடையை, நீரில் குறையும் எடையால் வகுக்க வேண்டும். தூய வெள்ளி 10.5 அளவில் வரும், செம்பு 9ஐ ஒட்டி வரும்.

‘மின்ட் மார்க்’ என்பதற்கு ‘அக்கசாலைக் குறி’ போதும். வேறு காசிலிருந்து வெட்டி ஒட்டிய குறிக்கு ‘பின்னொட்டு’ என்று வைக்க ஆசைதான், இலக்கணக்காரர்கள் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ‘ஒட்டுக்குறி’ சரியாக இருக்கும்.

தேய்ந்த பழங்காசில் முகத்தையும் தலைமுடியையும் மறுபடி செதுக்கிக் கூராக்குகிறார்களே, அதற்கு மட்டும் இன்னும் தடுமாறுகிறேன். ‘மறுசெதுக்கு’ என்றால் அக்கசாலை தன் அச்சையே மறுபடி செதுக்குவதோடு மோதுகிறது. உங்களிடம் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.