ஆல்டோ சாக்ஸபோனில் ரீடு நகர்ந்துவிடுகிறது: லிகேச்சர் மாற்றினால் சரியாகுமா?

சீவாளிவீடு (மயிலாடுதுறை பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் நாகஸ்வரக்காரன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாகஸ்வரம்தான். மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் அவர்களுடைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, சாக்ஸபோன்தான் வாசிப்பேன் என்று நின்றுவிட்டான். அவரும் ஒரு நாகஸ்வர வித்வானின் பிள்ளைதானே என்று நானும் சம்மதித்து, போன வருஷம் பழைய ஆல்டோ ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

பிரச்சினை இதுதான். முதல் அரை மணி நேரம் நன்றாகப் பேசுகிறது. அதற்கப்புறம் கீழ் ஸ்வரங்கள் வரமாட்டேன் என்கின்றன. கமகம் கொடுக்கும் இடத்தில் 'கீச்' என்று கத்துகிறது. எடுத்துப் பார்த்தால், ஊதும் முனையான மவுத்பீஸில் வைத்திருக்கும் நாணல் சீவல், அதாவது ரீடு, ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது. வைகாசி முகூர்த்தம் ஒன்றில் என்னோடு உட்கார்ந்து வாசித்தபோது மாலை மாற்றும் நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. பையன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

கடையில் கேட்டால், ரீடை மவுத்பீஸோடு இறுக்கிப் பிடிக்கும் லிகேச்சரை மாற்றுங்கள் என்று சொல்லி, ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். நாகஸ்வரத்தின் ரீடான சீவாளி என்றால் உதட்டில் வைத்ததும் குறை எங்கே என்று எனக்குத் தெரியும். இதில் ஒன்றும் பிடிபடவில்லை. மவுத்பீஸ் யமஹா 4சி, கறுப்பு நிறம். ரீடின் கடினம் 2½ நம்பர். லிகேச்சர் கருவியோடு வந்தது, இரண்டு திருகு வைத்த தகடு. விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

குடந்தை கிளாரினெட்

வணக்கம் அண்ணே. வாங்குவதற்கு முன் நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். திருகுகள் ரீடு இருக்கும் பக்கமா, எதிர்ப்பக்கமா? தகடு வட்டமாக இருக்கிறதா, எங்காவது நசுங்கியிருக்கிறதா? திருகு முழுக்க முடுக்கிய பிறகும் சும்மா சுற்றுகிறதா? நான்காவதுதான் முக்கியம். சுருதி சேர்க்க மவுத்பீஸை உள்ளே தள்ளும்போதும் வெளியே இழுக்கும்போதும் தம்பி எதைப் பிடித்துத் திருகுகிறான்?

திருச்சி ஆல்டோ

அண்ணா, நான் ரோவ்னர் கம்பெனி லிகேச்சர் போட்டு ஆறு வருஷமாக வாசிக்கிறேன். தோல் பட்டை மாதிரி இருக்கும், ஒரே திருகு. ரீடு அசைந்ததே இல்லை. வேன்டோரன் கம்பெனியின் ஆப்டிமம் லிகேச்சர் இன்னும் உசத்தி. அதில் ரீடை அழுத்தும் தகடு மூன்று விதம் கொடுக்கிறார்கள், மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பையன் மேடைக்கு வருகிற வயது, நல்லதாகவே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

சீவாளிவீடு

இரண்டு பேருக்கும் நன்றி. திருகுகள் ரீடு பக்கம்தான், அவனுடைய வலது கைப்புறம். தகடு ஒரு பக்கம் லேசாக நசுங்கித்தான் இருக்கிறது, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். மேல் திருகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காமல் சுற்றுகிறது. சுருதிக்கு, ஆமாம், லிகேச்சரோடு சேர்த்துப் பிடித்துத்தான் திருகுகிறான். அது தப்பா? நாங்கள் வாசிப்பது 2 கட்டை சுருதி. சுருதிப்பெட்டியோடு சேர்ப்பதற்கு நான்கைந்து முறை திருக வேண்டியிருக்கிறது.

குடந்தை கிளாரினெட்

பாதி விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது அண்ணே. லிகேச்சரைப் பிடித்துத் திருகினால் ரீடும் கூடவே திரும்பும். 2 கட்டைக்கு ஆல்டோவில் மேற்கத்திய எழுத்துப்படி 'பி' ஸ்வரம் சட்ஜம். அங்கே சேர்க்க அவ்வளவு போராட வேண்டியிருக்கிறது என்றால் நெக்கில், அதாவது மவுத்பீஸ் மாட்டும் வளைந்த குழாயில் உள்ள கார்க் காய்ந்து போயிருக்கும். கொஞ்சம் கார்க் கிரீஸ் தடவுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். மவுத்பீஸின் அடிப்பகுதியை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் கீழ் ஸ்வரம் பேசாததற்குக் காரணம் லிகேச்சர்தானா என்று தெரியாமல் காசு போடாதீர்கள். ஒரு சோதனை சொல்கிறேன். லிகேச்சரைக் கழற்றிவிடுங்கள். ரீடை மவுத்பீஸில் சரியாக வைத்து, அதன் தடித்த பாகத்தை நீங்கள் கட்டைவிரலால் பட்டையாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். தம்பி இரண்டு கையும் போட்டு, கருவியின் மிகக் கீழ் ஸ்வரமான பி ஃபிளாட்டை ஊதட்டும். விரல் பிடியில் நன்றாகப் பேசினால் ரீடும் மவுத்பீஸும் சரி, கோளாறு லிகேச்சரில். விரலிலும் பேசவில்லை என்றால் ரீடின் அடி வளைந்திருக்கலாம், இல்லை துளைகளை மூடும் பேடு எங்காவது காற்று விடலாம். அப்போது எந்த லிகேச்சர் வாங்கியும் பயனில்லை.

இன்னொன்று. ரீடு கட்டிய மவுத்பீஸை நெக்கிலிருந்து எடுத்து, அடித்துளையை உள்ளங்கையால் மூடி, காற்றை உறிஞ்சிவிட்டு வாயை எடுக்கச் சொல்லுங்கள். ரீடு ஒரு நொடியாவது ஒட்டிக்கொண்டு நின்று 'டப்' என்று விட வேண்டும். ஒட்டவே இல்லை என்றால் எங்கோ காற்று போகிறது.

திருச்சித் தம்பி சொன்ன இரண்டும் நல்ல சாமான்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் நோய் தெரிந்த பிறகுதானே மருந்து.

சீவாளிவீடு

இன்று காலை செய்து பார்த்தோம். நான் விரலால் பிடித்துக்கொண்டேன், அவன் ஊதினான். பி ஃபிளாட் மணி மாதிரி வந்தது! வீட்டிலிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். லிகேச்சரை மாட்டினால் அந்த 'டப்' வருவதில்லை, விரலால் பிடித்தால் வருகிறது. ஆக லிகேச்சர்தான் என்று ஆகிவிட்டது.

ஒரு கேள்வி. சீவாளியைக் கெண்டை என்ற சின்ன உலோகக் குழாயில் நூல் சுற்றித்தானே கட்டுகிறோம். ரீடையும் அப்படி நூலால் கட்டினால் என்ன? கேட்கக் கூடாததைக் கேட்கிறேனோ என்னவோ.

குடந்தை கிளாரினெட்

கேட்க வேண்டிய கேள்வி அண்ணே! கிளாரினெட் பிறந்த காலத்தில் ரீடை நூலால்தான் கட்டினார்கள். திருகு வைத்த உலோக லிகேச்சர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, இவான் முல்லர் என்ற கிளாரினெட் கலைஞர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஜெர்மனியில் இன்றும் பலர் நூலால் கட்டித்தான் வாசிக்கிறார்கள். அவர்கள் மவுத்பீஸில் நூல் வழுக்காமல் இருக்க வரி வரியாகக் கோடு வெட்டியிருக்கும். நம்முடையது வழவழப்பு. அதனால் தட்டையான பருத்தி நூலாகப் பார்த்து, நெருக்கமாகச் சுற்றுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன மேளம் என்ற குழுவில் சதிர் ஆட்டத்துக்குக் கிளாரினெட் வாசித்த காலத்திலிருந்து நம் ஆட்களுக்கும் இந்தக் கருவி பழக்கம்தான். கையில் இருந்ததை வைத்துச் சமாளித்து வாசித்தவர்கள் அவர்கள். உங்கள் கைக்கு நூல் கட்டுவது புதிதும் இல்லை.

சீவாளிவீடு

கட்டிவிட்டேன். முதல் கட்டு வழுக்கியது. இரண்டாவது முறை நூலை லேசாக நனைத்து, சீவாளிக்குச் சுற்றுவது போல அடியிலிருந்து ஒரே இழுப்பில் சுற்றினேன். நின்றது. ஒன்றேகால் மணி நேரம் தோடி வாசித்தான், ரீடு அசையவில்லை. காந்தாரத்தில் அவன் தாடையைத் தளர்த்தி அசைக்கும்போதுகூட 'கீச்' இல்லை. நாதம் எனக்கு முன்னைவிடக் கனமாகக் கேட்டது. நூல் கட்டியதாலா, நான் கட்டியதாலா என்று தெரியவில்லை!

ஆனால் அவசரத்துக்கு ரீடு மாற்ற வேண்டுமானால் இது ஆகாது. சுவாமி புறப்பாட்டில் நடந்துகொண்டே நூல் சுற்ற முடியாது. இப்போது சொல்லுங்கள், எதை வாங்கட்டும்?

திருச்சி ஆல்டோ

அண்ணா, விரல் சோதனை எனக்கே புதிது, நன்றி. நானும் என்னுடையதைச் சோதித்துப் பார்த்தேன். நான் சொன்ன விலையுயர்ந்ததுதான் வேண்டும் என்று இல்லை. தோல் அல்லது துணி வகையில் நாதம் கொஞ்சம் மூடியது போல, இருட்டாக இருக்கும். தகடு வகையில் கொஞ்சம் பளிச்சென்று வெளியே வரும். தெருவில் தவிலோடு வாசிக்கும்போது எனக்குத் தகடுதான் வசதி என்று இப்போது தோன்றுகிறது. எப்படியும் இந்த வித்தியாசம் வாசிப்பவனுக்குத் தெரிகிற அளவுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதில்லை. என் மனைவியைத் திரும்பி உட்காரச் சொல்லி இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினேன், அவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது.

குடந்தை கிளாரினெட்

அண்ணே, என் கருத்து: சாதாரண இரண்டு திருகுத் தகடு போதும். புதிது, நசுங்காதது, திருகு மரை நன்றாகப் பிடிப்பது. திருகு மேல்பக்கம் வரும் தலைகீழ் வகை கிடைத்தாலும் நல்லது, ரீடின் மேல் சீரான தகடு உட்காரும். மிச்சப் பணத்தில் நல்ல ரீடு ஒரு பெட்டி வாங்குங்கள், அதில்தான் நாதம் இருக்கிறது.

கடைக்கு மவுத்பீஸையும் ரீடையும் கொண்டு போங்கள். 'ஆல்டோவுக்கு' என்று மட்டும் கேட்டால் உலோக மவுத்பீஸுக்கு உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள். உலோக மவுத்பீஸ் ஒல்லி, அந்த லிகேச்சர் உங்களுடையதில் ஏறாது. கிளாரினெட்டுடையதும் சரியாகச் சேரும் என்று சொல்ல முடியாது. மாட்டிப் பார்க்கும்போது அகலமான வாய் கார்க் பக்கம் இருக்க வேண்டும். திருகு முடுக்கிய பிறகும் தகட்டின் இரு காதுகளும் முட்டிக்கொள்ளாமல் இடைவெளி இருக்கட்டும். முட்டினால் அது பெரிய அளவு.

மாட்டும் முறையும் பையனுக்குச் சொல்லுங்கள். லிகேச்சரைத் தளர்வாக முதலில் போட்டு, ரீடை மேலிருந்து உள்ளே இறக்க வேண்டும், அப்போது நுனி உடையாது. ரீடு நுனிக்கு மேலே மவுத்பீஸ் ஒரு மயிரிழை தெரியட்டும். லிகேச்சர் ரீடின் சீவிய பகுதிக்கு மேல் ஏறக் கூடாது. அடித் திருகு விரலால் முடுக்குமளவு இறுக்கம், மேல் திருகு அதைவிடத் தளர்வு. மூச்சைப் பிடித்து முடுக்கினால் ரீடு வளைந்து காற்று போகும். உங்களுடைய மேல் திருகு மரை போனதும் அப்படித்தான் இருக்கும்.

சீவாளிவீடு

நேற்று கும்பகோணம் போய் வாங்கிவிட்டோம். நான்கைப் போட்டுப் பார்த்து, உள்ளங்கைச் சோதனையில் அதிக நேரம் ஒட்டி நின்றதை எடுத்தான். 4சி-க்கு மேல்பக்கத் திருகு வகை. கடைக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். கார்க்குக்குக் கிரீஸ் தடவியதும் சுருதிக்கு ஒரே திருகு, சேர்ந்துவிட்டது.

இரவு எட்டு மணிக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கல்யாணி எடுத்தான். நானும் நாகஸ்வரத்தை எடுத்துக்கொண்டேன். பத்தரை வரை வாசித்தோம். நூல் உருண்டை மட்டும் அவன் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

குடந்தை கிளாரினெட்

நூலை வைத்தது ரொம்ப நல்லது அண்ணே. வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்துத் தட்டையான உறையில் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் மவுத்பீஸிலேயே விட்டுவிட்டால் ரீடு வளைந்துவிடும், அப்புறம் புது லிகேச்சரையே சந்தேகப்படுவீர்கள்.