மிதி வேகத்தையே நாடித்துடிப்பு என்று காட்டும் வெப்கேம்: வழி சொல்லுங்கள்

உடலில் எதையும் ஒட்டாமல், முகத்தை வீடியோ எடுத்து, தோல் நிறத்தில் வரும் நுண்ணிய மாற்றத்தை வைத்தே நாடித்துடிப்பைக் கணக்கிடும் புராஜெக்ட் ஒன்று செய்கிறேன். ஆள் அசையாமல் உட்கார்ந்தால் அருமையாக வேலை செய்கிறது. நெஞ்சுப் பட்டை மானிட்டரோடு ஒப்பிட்டால் 2, 3 துடிப்புதான் வித்தியாசம். உடற்பயிற்சி சைக்கிளில் ஏறியதும் எல்லாம் போச்சு.

நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 120 காட்டுகிறது, 70 சுற்று என்றால் 140. பட்டையோ 105-ஐத் தாண்டவில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு கால், இரண்டு முறை தலை ஆடுகிறது. அதைத்தான் எண்ணுகிறது போல.

யுஎஸ்பி வெப்கேம், 640x480, நொடிக்கு 30 ஃபிரேம், ஒரு மீட்டர் தூரம். பைத்தான், ஓப்பன்சிவி. மூன்று வாரமாக இதே கதை.

முதலில் பச்சை நிறச் சேனல் மட்டும் எடுத்தேன். அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்து அசைவு இரைச்சலைக் குறைக்கும் குரோம் (CHROM), பாஸ் (POS) என்ற இரண்டு முறைகளும் போட்டேன். பேசும்போது வரும் இரைச்சல் குறைந்தது, சைக்கிளுக்குப் பலனில்லை. நெற்றி, கன்னத்தை மீடியாபைப் (முகப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்) வைத்து ஃபிரேமுக்கு ஃபிரேம் பின்தொடர்கிறேன். ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இரண்டும் அணைத்தாயிற்று. ட்யூப்லைட்டைச் சந்தேகப்பட்டு ஜன்னல் வெளிச்சத்திலும் பார்த்தேன், மாற்றமில்லை. 0.7 முதல் 3 ஹெர்ட்ஸ் (நிமிடத்துக்கு 42 முதல் 180 துடிப்பு) வரை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் வடிகட்டி இருக்கிறது; ஆனால் தலையாட்டமே 2 ஹெர்ட்ஸ், வடிகட்டி என்ன செய்யும் பாவம்!

மூக்கு நுனியின் அசைவை ரெஃபரன்ஸாக வைத்து அடாப்டிவ் ஃபில்டரில் (ரெஃபரன்ஸுக்கு ஏற்பத் தன்னையே மாற்றிக்கொள்ளும் வடிகட்டி) கழிக்கலாமா என்று யோசிக்கிறேன். உண்மைத் துடிப்பும் தலையாட்டமும் ஒரே வேகத்துக்கு நெருங்கி வரும்போது, துடிப்பையும் சேர்த்து அழித்துவிடாமல் இதைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?